கிள்ளானில் இருபத்து மூன்று பாதிரியார்கள்

என் மீசையின் வலது பக்கம் இடது பக்கத்தைவிட நீளமாக இருந்ததற்குக் கடல்தான் காரணம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிட்டு, மறுபக்கம் போகத் தைரியம் வராமல் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுவிட்டேன். அந்தக் கோலத்தில்தான் கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் என்னை அழைத்தவர் வீட்டு வாசலில் நின்றேன்.

நான் மதராஸில் ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார். ஒரு மனிதன் எந்தத் தொழிலுக்கு ஏற்றவன் என்று அறுபது கேள்விகளில் கண்டுபிடித்துவிடும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைத் தமிழ்ப்படுத்தி, அதனால் கொஞ்சம் பெயரும் நிறைய கர்வமும் சம்பாதித்திருந்தேன். அந்தப் பெயர் எப்படியோ கடல் தாண்டியிருந்தது.

ரப்பர் விலை படுத்து, தோட்டங்கள் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. கிள்ளான் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில், வேலை போன தமிழர்கள் இருபத்து மூன்று பேர் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்த ஓர் உதவிச் சங்கம் அங்குமிங்கும் கெஞ்சிக் கூத்தாடிச் சில வேலைகளைப் பிடித்து வைத்திருந்தது. யாருக்கு எது என்பதை விஞ்ஞான முறைப்படி முடிவு செய்து, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பட்டியல் தர வேண்டும் என்றார் பொறுப்பிலிருந்த துரை. பட்டியலில் பெயருக்கு எதிரே வேலை இல்லாதவர்கள் அடுத்த கப்பலில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். விஞ்ஞானமாக வந்து சேர்ந்தவன் நான்.

சங்கத்தின் செயலாளர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தா. எனக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் போட்டுவிட்டு, நான் சாப்பிடச் சாப்பிட என் கேள்வித்தாளைப் படித்தார். எங்கள் ஊரில் இடியப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டு ஆளை ஏமாற்றிவிடுவார்கள். அந்தச் சொதியின் மஞ்சள் நிறத்தை இப்போது நினைத்தாலும் பசிக்கிறது.

"மாஸ்டர், இந்தப் பதினாலாம் கேள்வியைக் கொஞ்சம் பாருங்கோ" என்றார். "ஆத்திலை நீந்த விருப்பமோ எண்டு கேக்கிறியள். ஓமெண்டு சொன்னா மாலுமி வேலைக்குப் பொருத்தம் எண்டும் போட்டிருக்கு."

"ஆமாம். மூலத்தில் பனியில் சறுக்கி விளையாடுவது பற்றிக் கேட்டிருந்தது. நம் ஆட்களுக்காக நான்தான் ஆறு என்று மாற்றினேன்."

"கிள்ளான் ஆத்திலை முதலை கிடக்கு மாஸ்டர். ஓமெண்டு சொல்லுறவனைக் கப்பலுக்கு அனுப்பேலாது, ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேணும்."

அந்தக் கேள்வியை அடித்தேன். அடுத்து அவர் படங்களுக்குப் போனார். இங்கிலீஷ் புத்தகத்தில் ஒருவன் கணப்படுப்புக்குள் தலையை விட்டுப் புகைக்கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருப்பான். படம் நம்மவர்க்குப் புரிய வேண்டுமென்று மதராஸ் ஓவியரிடம் சொல்லி அவனுக்குத் தலைப்பாகையும் கடுக்கனும் போடச் செய்திருந்தேன். கனகசபை அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இவர் ஆர்? ஏன் தலைப்பாகையோடை அடுப்புக்குள்ளை போறார்?"

எனக்குக் கோபம் வந்தது. விஞ்ஞானத்தைக் குமாஸ்தாக்கள் திருத்துவதா என்று தோன்றியது. ஆனால் அவர் மூன்றாம் தடவை சொதி ஊற்றிக்கொண்டிருந்தபடியால் கோபத்தையும் சேர்த்து விழுங்கினேன்.

மறுநாள் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். நல்ல ரயில் இருந்தது. நாட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நான் கொசு பஸ்ஸில் ஏறினேன். உருவத்தில் சிறியது என்பதால் அந்தப் பெயராம். ஏழு பேர் உட்காரலாம் என்று எழுதியிருந்தது, நான் பன்னிரண்டாவது ஆள். எனக்கு எதிரே ஒரு மலாய் அம்மாள் மூன்று வாத்துகளைக் கூடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கேள்வித்தாள் பை கூடையில் இடித்ததும் ஓட்டுநரிடம் ஏதோ சத்தமாகச் சொன்னார். பக்கத்திலிருந்த ஜவுளிக்கார பாய் எனக்கு மொழிபெயர்த்தார்.

"வாத்துக்கும் சேத்து டிக்கெட் எடுத்திருக்காங்களாம். ஒங்க பைக்கு எடுத்தீங்களான்னு கேக்குறாங்க."

பாதி வழியில் மழை பிடித்தது. நம் ஊரில் மழை வருமுன் கொஞ்சம் காற்று வரும், மண்வாசனை வரும், துணி எடுக்க நேரம் கிடைக்கும். அங்கே யாரோ அண்டாவைக் கவிழ்த்ததுபோல் மொத்தமாக விழுகிறது. பஸ் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. "அண்ணே, எறங்கித் தள்ளுங்க" என்றார் பாய். எல்லோரும் இறங்கித் தள்ளினோம், அந்த அம்மாள் உட்பட. வாத்துகள் மட்டும் டிக்கெட் எடுத்த கௌரவத்தோடு உள்ளேயே இருந்தன.

கிள்ளானில் சீனர் கடை ஒன்றில் காப்பி குடித்தேன். கொட்டையை வெண்ணெய் போட்டு வறுப்பார்களாம். பாலைக் காணோமே என்று குறை சொல்லிக்கொண்டே குடித்து முடித்தேன். டப்பாப் பால் முழுவதும் அடியில் கெட்டியாகப் படுத்திருந்தது, கலக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டே என் மீசையைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை காலை கொட்டகையில் பரீட்சை தொடங்கியது. மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றை எனக்கு நாற்காலியாகவும் இன்னொன்றை மேசையாகவும் போட்டார்கள். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. எனவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாய்ப்பேச்சாகக் கேட்டேன். முதலில் வந்தவர் நின்றதும் நான் கேட்காமலே இரண்டு உள்ளங்கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன தொழில் தெரியும்?"

"விவசாயமுங்க."

"கூட்டத்தோடு இருக்கப் பிடிக்குமா?"

"ஆமாங்க."

"தனியாக இருக்கப் பிடிக்குமா?"

"ஆமாங்க."

"நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்ல?"

"ஆமாங்க."

"பாம்பு வளர்க்க?"

"ஆமாங்க."

இரண்டாமவரும் கையை நீட்டினார், விவசாயம் என்றார், பாம்பு வளர்க்க ஆசைப்பட்டார். பத்தாவது ஆளில் என் தொண்டை கட்டியது. கடைசியாக வந்தவர் சன்னாசி. முப்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான, அமைதியான மனிதர். அவரும் அப்படியே. ஒரே வித்தியாசம், ஆமாங்க ஆமாங்க என்று சொல்லிக்கொண்டே என் முகத்தின் வலது பக்கத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து விடைகளைக் கூட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னால் எந்தத் தொழிலுக்கு அதிகக் கேள்விகளோ அந்தத் தொழில்தான் முன்னால் வரும். புத்தகம் எழுதியவர் ஒரு பாதிரியாரின் மகன். மற்றத் தொழில்களுக்கு ஐந்தாறு கேள்விகள் வைத்தவர், அப்பாவின் தொழிலுக்குப் பதினொன்று வைத்திருந்தார். ஆக, கொட்டகையிலிருந்த இருபத்து மூன்று பேரும் கிறிஸ்தவப் பாதிரியார் வேலைக்கே பிறந்தவர்கள் என்று விடை வந்தது. பலர் நெற்றியில் அப்போதும் விபூதி இருந்தது.

ரயிலில் வந்து சேர்ந்திருந்த கனகசபை தாளை நெடுநேரம் பார்த்தார். "மாஸ்டர், இதைத் துரையிட்டைக் குடுத்தா, அவர் ஒரு கோயில் கட்டித் தர வேண்டி வரும்."

கூட்டத்தில் பெரியவர் வீராசாமிக் கங்காணி. அறுபது வயது, முறுக்கு மீசை, தோளில் துண்டு. இந்தியாவில் ஊர் ஊராகப் போய் இத்தனை பேரையும் ஆள் பிடித்துக் கப்பல் ஏற்றி வந்தவர். தோட்டம் போனதும் அவர்களோடு சேர்ந்து அவரும் கொட்டகைக்கு வந்துவிட்டார். சன்னாசி அவருக்கு மருமகன். என் திண்டாட்டம் புரியாமல் அவருக்குப் பெருமை பொங்கியது.

"பசங்க நல்லா சொன்னாங்களாங்க? எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. கப்பலேறுறதுக்கு முந்தி டிப்போவுல உக்கார வச்சுக் கேப்பாங்க பாருங்க, என்ன தொழிலு, இஷ்டப்பட்டுத்தான் போறியான்னு. அங்க சொல்லிக் குடுத்தேன். யாரு காகிதத்த வச்சுக்கிட்டு எதுக்க உக்காந்தாலும் கைய நீட்டணும். தொழில் விவசாயம். மத்த எல்லாத்துக்கும் ஆமாங்க. அவ்வளவுதான், கப்பல்ல ஏத்திருவாங்க."

கப்பலேறுவோரைத் தங்க வைத்துச் சோதிக்கும் அந்த டிப்போவில், மண்வெட்டி பிடித்த கைதானா என்று டாக்டர் பார்ப்பாராம். கை மெத்தென்று இருந்தவர்களைக் கங்காணி முதல்நாளே செங்கல்லில் தேய்த்துக் காய்ப்பேறச் செய்து கூட்டிப் போவாராம். தோட்டத்து வேலைக்கு விவசாயி தவிர வேறு எவனையும் எடுக்கமாட்டார்கள்.

"கங்காணி, அப்போது கப்பல் ஏற வேண்டும். இப்போது ஏறாமல் இருக்க வேண்டும். இது வேறு பரீட்சை" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. துண்டை உதறிக்கொண்டு உள்ளே போனார். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் பரீட்சை வைத்தேன். முதல் ஆள் வந்து கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கூட்டத்தோடு இருக்கப் பிடிக்குமா?"

"இல்லைங்க."

"தனியாக?"

"இல்லைங்க."

"சாப்பிடவாவது பிடிக்குமா?"

"இல்லைங்க."

சன்னாசியின் முறை வந்தபோது நான் பொறுமையை முழுவதும் இழந்திருந்தேன். "உம் பெயர் சன்னாசிதானே?" என்றேன். அவர் கங்காணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லைங்க" என்றார்.

எதுவுமே பிடிக்காத மனிதனுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு தொழில்தான் உண்டு, கலங்கரை விளக்கக் காவலன். காலையில் இருபத்து மூன்று பாதிரியார்கள், மாலையில் இருபத்து மூன்று கலங்கரை விளக்கக் காவலர்கள். கனகசபை சிரிக்கவில்லை. "சனிக்கிழமை பட்டியல் வேணும் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அவர்களுடைய பெண்களும் குழந்தைகளும் கொட்டகைக்கு வெளியே மரத்தடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதை அப்போதுதான் கவனித்தேன். என் அறுபது கேள்விகளின் மேல் முதல் தடவையாக எனக்கு அருவருப்பு ஏற்பட்டது.

வெள்ளிக்கிழமை காகிதம் இல்லாமல் போனேன். சும்மா பேசிக்கொண்டிருக்கலாம், வேலை செய்வதைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சன்னாசி கொட்டகைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் போய் நின்றதும் கோடாலியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. வலது பக்கம் ஒரு நெல்லளவு நீண்டு இருக்குங்க. ரெண்டு நாளா பாத்துக்கிட்டிருக்கேன், என்னால வேற எதையும் நெனைக்க முடியல."

பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன். சுற்றிலும் பார்த்துவிட்டு வாங்கினார். விறகுக் கட்டையில் உட்கார வைத்து, என் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தினார். அந்த இரண்டு விரல் பட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. சட்டைப்பையிலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். இருபது வருஷமாக வைத்திருக்கும் மீசை, அன்றைக்குத்தான் ஒழுங்காக இருந்தது.

"சன்னாசி, நீர் விவசாயி இல்லை."

அவர் கத்தரிக்கோலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார். பரம்பரையாகச் சவரத் தொழில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் டிப்போவில் விவசாயம் என்று சொன்ன பொய், கப்பலோடு முடியவில்லை. இந்தப் பக்கம் வந்து ரப்பர்ப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டு வேலை பார்த்தார். கங்காணிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மகள் அஞ்சலையைக் கொடுத்தார். நாவிதன் என்று தெரிந்திருந்தால் கங்காணி பெண் கொடுத்திருக்கமாட்டார். வாசலில்கூட ஏற்றியிருக்கமாட்டார். இரண்டு பெண் குழந்தைகள் ஆகிவிட்டன.

"சங்கம் பிடித்து வைத்த வேலைகளில் ஒன்று இருக்கிறது" என்றேன். "ஆஸ்பத்திரியில். அறுவைக்கு முன்னால் நோயாளிக்குக் கீறல் படாமல் சவரம் செய்ய ஆள் கிடைக்காமல் டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். உமக்கென்றே வைத்த வேலை."

"வேண்டாங்க. எழுதிறாதீங்க." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்த வேலைக்குப் போனா எங்க மாமனுக்குத் தெரிஞ்சிரும். பொண்டாட்டிய இழுத்துக்கிட்டுப் போயிருவாரு. எங்க ஊருக்கு அவளக் கூட்டிட்டுப் போனாலும், எறங்குன நிமிசமே ஊரு சொல்லிரும். நான் மட்டும் கப்பல்ல போறேங்க. போயிப் பணம் அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போயிர்றேன்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரை அறுபது கேள்வியால் பிடிக்க முடியவில்லை. அவர் தன்னைக் காட்டிக்கொண்டது என் கோணல் மீசையிடம். காட்டிக்கொண்ட குற்றத்துக்கு அவரைக் கப்பலேற்றுவதா, குடும்பத்தை உடைப்பதா என்ற இரண்டில் ஒன்றை நான் எழுத வேண்டும். நாலு வருஷம் தமிழ்ப்படுத்திய புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது.

சனிக்கிழமை காலை கொட்டகை நிறைந்திருந்தது. ஒவ்வொருவரும் தன் வாயால் தொழிலைச் சொல்லிக் கைநாட்டு வைக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. கனகசபை மைப்பெட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சன்னாசியை முதலில் கூப்பிட்டேன், என் தைரியம் தீர்ந்துபோகுமுன் அது முடிந்துவிடட்டும் என்று.

"தொழில்?"

அவர் கைகளை நீட்டினார். "விவசாயமுங்க."

பேனா என் கையில் நின்றது. விவசாய வேலை எதுவும் சங்கத்தின் கையில் இல்லை. எழுதினால் கப்பல்தான்.

"பொய்யி" என்றது ஒரு குரல்.

பெண்கள் பக்கமிருந்து அஞ்சலை எழுந்து வந்தாள். இடுப்பில் சின்னக் குழந்தை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத பெண் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

"ஐயா, எழுதிக்கங்க. இவரு சவரத் தொழிலு."

 சன்னாசி அவளையே பார்த்தார்.

"பெரியவளுக்கு மொட்டை போடக் கோயிலுக்குப் போனோம். அங்க முடி எடுக்குற ஆளு குடிச்சிட்டுக் கெடந்தான். எங்கப்பா, மத்தவங்கல்லாம் சாமிய சுத்தப் போயிட்டாங்க. இவரு அவன் கத்திய எடுத்துக்கிட்டு, புள்ளைய மரத்துக்குப் பின்னால தூக்கிட்டுப் போனாரு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். புள்ள தூங்கிக்கிட்டிருந்துச்சு. தல முழுக்க எடுத்து முடிக்கிற வரைக்கும் முழிக்கவே இல்ல. பால்மரம் வெட்டுற கைக்கு அது வருமாப்பா?" கடைசிக் கேள்வி கங்காணியைப் பார்த்து. "ஆறு வருசமா எனக்குத் தெரியும். எங்கிட்ட எப்பச் சொல்லுவாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். சொல்லாமக் கப்பலேறப் பாக்குறாரு."

கங்காணி எழுந்தார். துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"என்னடா இது? எங்கிட்டயே பொய் சொல்லியாடா பொண்ணு எடுத்த?"

"நீங்கதான மாமா டிப்போவுல சொல்லச் சொன்னீங்க, விவசாயம்னு" என்றார் சன்னாசி. "சொன்னத மாத்தச் சொல்லி நீங்க பொறவு சொல்லவேயில்லையே."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அப்புறம் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். "நான்கூட நெசவுங்க." இன்னொருவர், "எனக்கு மேளம்." மூன்றாமவர், "தச்சு வேலைங்க. எல்லாருந்தான் செங்கல்லுல கைய தேச்சோம்." கனகசபை என்னை இடித்து, எழுதுங்கோ எழுதுங்கோ என்றார். நான் எழுதினேன். கை வலிக்க எழுதினேன். ரயில் பட்டறைக்குத் தச்சர் ஒருவர், ஆஸ்பத்திரிச் சலவைக்கு இருவர் என்று பட்டியல் தானாக நிரம்பிக்கொண்டே போயிற்று. சன்னாசியின் பெயருக்கு எதிரே மட்டும் பேனாவை வைத்துவிட்டுக் கங்காணியைப் பார்த்தேன்.

அவர் அப்படியே நின்றார். தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இடுப்பிலிருந்த பேத்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. பிறகு மேசையாக இருந்த மண்ணெண்ணெய்ப் பெட்டியிலிருந்து என் காகிதங்களை ஒதுக்கிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார்.

"பன்னெண்டு வருசமா பாசாரு கடைத்தெருவுக்கு நடந்து போயி, சவரத்துக்கு ஒரு சீனன்கிட்ட கழுத்த நீட்டி, வாரம் தவறாம ரத்தம் பாத்துக்கிட்டிருக்கேன். வீட்டுக்குள்ளயே ஆள வச்சுக்கிட்டு! ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடா, பாவி? என்ன பாக்குற? கத்தி இருக்கா, அதையும் தொலைச்சிட்டியா?"

சன்னாசி தன் தகரப் பெட்டியைத் திறந்து, துணிக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு சுருட்டிய பொட்டலத்தை எடுத்து வந்தார். அஞ்சலை தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். ஆஸ்பத்திரி என்று நான் எழுதினேன். கங்காணி கண்ணை மூடிக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால், மருமகனிடம் கழுத்தை நீட்டினார்.